ரொசெந்தோவின் பிற்பகல் முறை

தெர்க்கா படகில் பகல் பன்னிரண்டு ஆனால் எல்லோரும் கீழே இறங்கிவிடுவார்கள். நான்கு மணிவரை மேல்தளத்தில் ஆள் இருக்கக் கூடாது. மெக்சிகோவின் கோர்த்தெஸ் கடல் என்ற வளைகுடாவில், ஜூலை மாதத்தில் மற்ற பாய்ப்படகுக்காரர்கள் துணியைக் கூரையாகக் கட்டி, தண்ணீரில் காலைத் தொங்கவிட்டு, எந்தப் படகில் ஐஸ் மிச்சம் இருக்கிறது என்று ரேடியோவில் விசாரித்துக்கொண்டிருப்பார்கள். எவுலாலியாவும் அவள் பெண்கள் இருவரும் மட்டும் ரொட்டி அடுப்பு மாதிரிக் காந்தும் கீழறையில், ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். படகு நங்கூரத்தில் சும்மா நின்ற நாட்களிலும் அப்படித்தான்.

யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பன்னிரண்டிலிருந்து நான்கு, அவள் புருஷன் ரொசெந்தோ படகைப் பார்த்துக்கொள்ளும் முறை. ரொசெந்தோ கடலில் காணாமல் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

எவுலாலியாவை நாங்கள் எல்லோரும் லாலா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு லாலா அக்கா. குவாய்மாஸ் துறைமுகத்துக்காரி. பதினான்கு வயதில் இறால் உரிக்கும் வேலைக்குப் போனவள். "என் கைரேகையெல்லாம் இறால் தின்னுடுச்சு, திருடினாலும் போலீஸ்காரனால என்னைக் கண்டுபிடிக்க முடியாது" என்று விரல்களை விரித்துக் காட்டுவாள். பிறகு படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் முற்றத்தில் அடிப்பாகத்துக்குப் பெயின்ட் அடித்தாள். ரொசெந்தோ அமரியாஸ் அப்போது வளைகுடாவைக் கடக்கும் பயணிகள் கப்பலில் இரண்டாம் அதிகாரி. அந்த முற்றத்தின் மூலையில், புயலில் பாய்மரம் ஒடிந்து, யாரோ வெளிநாட்டுக்காரன் விட்டுவிட்டுப் போன முப்பத்து நான்கடிப் படகு ஒன்று கிடந்தது. அதைப் பார்க்கத்தான் அவர் வந்தார்.

"படகைப் பாக்க வந்தவரு என் பெயின்ட் டப்பாவைத் தட்டிவிட்டாரு. மறுநாளும் வந்து தட்டிவிட்டாரு. மூணாவது நாள் நானே டப்பாவைத் தள்ளி வச்சேன், அவரு காலுக்கு வசதியா" என்பாள் அக்கா.

படகு தண்ணீரில் இறங்க ஆறு வருடம் பிடித்தது. தெர்க்கா என்று பெயர் வைத்தது அவள்தான். பிடிவாதக்காரி என்று அர்த்தம். மூத்தவள் நெரேய்தாவுக்கு ஐந்து வயது, சின்னவள் மிக்கேலா இன்னும் பிறக்கவில்லை என்னும்போது கப்பல் வேலையை விட்டுவிட்டு ரொசெந்தோ குடும்பத்தைப் படகில் ஏற்றினார். அவர் மற்ற படகுகளின் பாய்களைத் தைத்தார், பாய்மரக் கம்பிகளை இழுத்துக் கட்டினார். அக்கா கோதுமை மாவில் மெல்லிசாகத் தோர்த்தியா தட்டி, வெல்லம் வைத்த கொயோத்தா சுட்டு, துடுப்புப் படகில் போய் ஒவ்வொரு படகாக விற்றாள். பெண்களின் பாடப்புத்தகங்கள் மீன் பெட்டி ஒன்றில், பிளாஸ்டிக் பைக்குள் இருந்தன. வருடத்துக்கு ஒருமுறை ஏதாவது துறைமுகத்தில் பரீட்சை. குடிக்கத் தண்ணீர் குறைந்தால் குளியல் கிடையாது. சண்டை போட்டால் கதவைச் சாத்திக்கொண்டு போக இடம் கிடையாது. அதனால் யாராவது ஒருவர் பாய்மரத்தடியில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தால், அந்த ஆள் வீட்டை விட்டுப் போய்விட்டதாகக் கணக்கு.

கப்பலை விட்டு வந்தும் கப்பல் பழக்கம் ரொசெந்தோவை விடவில்லை. ஓடும் படகில் நான்கு மணி நேரத்துக்கு ஒருவர் முறை. முறை கைமாறும்போது வாயால் சொல்லித்தான் மாற வேண்டும். கொடுப்பவர், "படகு உன் கையில." வாங்குபவர், "என் கையில." இந்த இரண்டாவது பேச்சு வரும்வரை முறை முதல் ஆளுடையது. ஒன்றுக்குப் போவதானாலும் சரி, பல் தேய்ப்பதானாலும் சரி, சொல்லாமல் இடத்தை விட்டு அசையக் கூடாது.

பெண்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது.

"கரண்டி உன் கையில."

"என் கையில."

"மிக்காவோட மூக்கு உன் கையில."

"சீச்சீ, ஒழுகுது! திருப்பி வாங்கிக்கோ!"

நான் அவர்களை அறிந்தது ரொசெந்தோ காணாமல் போன அன்றுதான். கார்மென் தீவுக்கு எதிரே எங்கள் கரை. வீடுகள் பதினொன்று, எல்லோரும் மீன்பிடிப்பவர்கள். அந்தப் பதினொன்றில் பட்டச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் வீடு எங்களுடையது ஒன்றுதான். லா பாஸ் பல்கலைக்கழகத்தில் கடலியல் படித்தேன், நீரோட்டம் என் பாடம். அதை மாட்ட அம்மா சுவரில் மாதாவையே ஒரு சாண் நகர்த்தினாள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

ஏப்ரல் மாதம். நான்கு மணி தாண்டிப் பத்து நிமிடத்தில் ரேடியோவில் ஒரு பெண் குரல் வந்தது. அழவில்லை, கத்தவில்லை. இடத்தைச் சொன்னாள், படகின் பெயரைச் சொன்னாள், "என் புருஷன் மேல இல்ல" என்றாள். காற்றைப் பார்த்துத் தானாகத் திசை பிடிக்கும் கருவி படகின் பின்புறம் உண்டு. அது படகை நேர்கோட்டில் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறது. காப்பிக் கோப்பை அதன் குழியில் பாதியாக இருந்தது. கடலில் விழாமலிருக்க இடுப்பில் கட்டிக்கொள்ளும் வார் கொக்கியில் தொங்கியது. காலை முறை முடித்த களைப்பில் அவள் முன்னறையில் சின்னவளோடு படுத்துத் தூங்கி, இரண்டரைக்கு எழுந்து அடுப்பு வேலையைப் பார்த்து, நான்கு மணிக்கு முறை வாங்க மேலே வந்திருக்கிறாள்.

எங்கள் சித்தப்பா ரேடியோவில் கேட்டார். "கடைசியா எப்போம்மா பாத்தே?"

"பாக்கல. மூணு மணிக்கு மேல நடந்தாரு. கேட்டேன்."

"அவருதானா?"

"ஏழு வருஷமா என் தலைக்கு மேல நடக்குறாரு. அவரு நடை எனக்குத் தெரியாதா?"

ஆக மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் இடைப்பட்ட தூரத்தில் தேடினோம். எங்கள் கரையிலிருந்து ஒன்பது படகுகள், பிறகு கடற்படைப் படகு ஒன்று. மூன்று மணியிலிருந்து நீரோட்டம் எவ்வளவு இழுத்திருக்கும் என்று நான்தான் சித்தப்பாவுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். என் படிப்பு எங்கள் ஊருக்குப் பயன்பட்ட முதல் நாள். மூன்று நாள் தேடினோம். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

அக்கா கரைக்கு வரவில்லை. குவாய்மாஸிலிருந்து அவள் தங்கை போனில் கெஞ்சினாள், திட்டினாள், பிள்ளைகளையாவது அனுப்பு என்றாள். அக்கா கொடுத்த பதில் ஒன்றுதான். அதையே எனக்கும் சொன்னாள்.

"நாலு மணிக்கு மேல வந்தேன் தம்பி. குடுக்க ஆள் இல்ல. அவரு குடுக்காததை நான் எப்படி எடுத்துக்கறது? அது இன்னும் அவருகிட்டத்தான் இருக்கு."

அதன்பிறகு தெர்க்கா விடிகாலையில் மட்டும் ஓடியது. பக்கத்து விரிகுடாவுக்கு ஐந்து மைல், ஆறு மைல். பன்னிரண்டுக்குள் நங்கூரம். மற்ற படகுக்காரர்கள் ஆரம்பத்தில் பரிதாபப்பட்டார்கள், பிறகு பழகிவிட்டார்கள். நான் மீன் கணக்கெடுக்கும் வேலையில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் காய்கறி வாங்கிக்கொண்டு போவேன். ஒருநாள் பேசிக்கொண்டே பன்னிரண்டு ஆகிவிட, என்னையும் கீழே இறக்கிவிட்டாள். வாசல் பலகையைப் பொருத்தினாள். நெரேய்தா பாடம் எழுதினாள், மிக்கா பொம்மைக்குப் பேன் பார்த்தாள்.

ஒரு மணி வாக்கில் தலைக்கு மேல் மரம் கிரீச்சிட்டது. பின்புறத்திலிருந்து பாய்மரம்வரை. சற்று நின்றது. திரும்பப் பின்புறம் போனது.

"கயிறு தளர்ந்து இறுகினா அப்படித்தான்கா கேக்கும்" என்றேன். "வெயில்ல மரம் விரியும்போதும்..."

அக்கா மாவைப் பிசைந்தபடி சிரித்தாள். "ஏன் பட்டதாரி, கயிறு இருமுமா?"

எனக்கு இருமல் கேட்கவில்லை. அன்று கேட்கவில்லை என்றுதான் சொல்ல முடியும். நெரேய்தா மட்டும் தலை நிமிரவே இல்லை. அவள் பென்சில் ஒரே எழுத்தின் மேல் திரும்பத் திரும்பப் போய், தாள் கிழிந்தது.

அதற்கடுத்த வருடம் நவம்பரில் சுக்கான் தண்டு வழியாகத் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. நாளுக்கு இரண்டு வாளி, பிறகு ஐந்து வாளி. படகைத் தூக்கிப் பார்த்தே ஆக வேண்டும். அதற்குத் தோதான முற்றம் அக்கரையில் குவாய்மாஸில். எங்கள் பக்கத்துச் சாந்தா ரொசாலியாவிலிருந்து வளைகுடாவைக் குறுக்கே கடந்தால் எழுபத்தைந்து மைல். ரொசெந்தோ போனபிறகு அவ்வளவு தூரம் அவர்கள் போனதில்லை. துணைக்கு வரச் சொல்லி அக்கா என்னைக் கேட்டாள்.

"நாலு மணிக்குக் கிளம்புவோம். அவரு முறை முடிஞ்சதும். மறுநாள் பன்னெண்டுக்குள்ள போயிடலாமா?"

"ஒன்பதுக்கே போயிடலாம்கா. கணக்குப் போட்டுட்டேன்."

கிளம்பும் அன்று தண்ணீர்க் குடங்களை ஏற்றும்போது நெரேய்தா என்னைத் தனியாகப் பிடித்தாள். பதினான்கு வயதுக்கு அவள் தோள்கள் ஒடுங்கிப்போய் இருந்தன.

"அண்ணே, பன்னெண்டுக்குள்ள போகலைன்னா?"

"போயிடுவோம்."

"போகலைன்னா? அம்மா கீழ வரச் சொல்லுவாங்க. படகு ஓடிக்கிட்டே இருக்கும். குவாய்மாஸ் வாசல்ல இறால் கப்பலுங்க நிறைய."

"நான் இருக்கேன்ல?"

"நீங்களும் கீழ வந்துடுவீங்க" என்றாள். "எல்லாரும் வந்துடுறாங்க."

இரவு நன்றாகத்தான் போனது. விடியற்காலையில் காற்று செத்துவிட்டது. எஞ்சினைப் போட்டோம். அரை மணியில் சூடேறி நின்றது. தண்ணீர் இழுக்கும் ரப்பர் சக்கரம் கிழிந்திருந்தது, மாற்றுச் சக்கரம் எங்கே இருக்கிறது என்பது ரொசெந்தோவுக்குத்தான் தெரியும். பாய்கள் துவைத்த துணி மாதிரித் தொங்கின. எட்டு ஆனது, ஒன்பது ஆனது. மிக்கா கரண்டியால் தண்ணீரை அடித்து, "காத்தே, காத்தே, எழுந்திரு, சோம்பேறி" என்று பாடினாள். அக்கா கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதினொன்றுக்கு வாடைக்காற்று எழுந்தது. ஒரே மூச்சில் எழுந்து படகைச் சாய்த்தது. பன்னிரண்டு மணிக்கு குவாய்மாஸ் மலைகள் நீலமாகத் தெரிந்தன. இன்னும் பதினான்கு மைல். நடுவே இறால் கப்பல்கள், இரண்டு பக்கமும் இரும்புக் கைகளை விரித்து வலையை இழுத்துக்கொண்டு, ஏழோ எட்டோ.

அக்கா எழுந்தாள். தானியங்கிக் கருவியின் கயிற்றை மாட்டினாள், அது படகைப் பிடித்துக்கொண்டதா என்று பார்த்தாள்.

"எல்லாரும் கீழ."

"அக்கா, இன்னைக்கு ஒருநாள்..."

"கீழ வா தம்பி."

"கப்பலுங்க நிக்குதுக்கா. வலை இழுக்குறவன் எவனும் முன்னால பாக்க மாட்டான். எல்லாரும் பின்னால இறால் பொறுக்கிட்டு இருப்பாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். அவருக்கு என்னைவிட நல்லாத் தெரியும். அவரு பாத்துப்பாரு."

"நான் மட்டும் மேல இருக்கேனே?"

அவள் என் முகத்துக்கு நேராக வந்தாள். கண்ணில் கோபமில்லை, பயம் இருந்தது. என்னைப் பார்த்தல்ல. "நீ உக்காந்தா அவரு எங்க உக்காருவாரு?"

இதற்கு எந்தப் பல்கலைக்கழகத்தில் பதில் சொல்லித் தருகிறார்கள்? நான் இறங்கினேன். நெரேய்தா சொன்னபடியே.

வாசல் பலகை விழுந்தது. படகு இடப்பக்கக் காற்றை வாங்கிக்கொண்டு நன்றாக ஓடியது, அதுதான் அச்சம். தண்ணீர் சுவருக்கு அந்தப் பக்கம் சலசலத்தது. அக்கா மாவுருண்டையை எடுத்து முழங்கைவரை வீசி வீசித் தோர்த்தியாவை விரிக்க ஆரம்பித்தாள். மிக்கா பொம்மையோடு அவள் காலடியில். நான் வலப்பக்கத்துச் சிறு ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஒன்றேகால் மணிக்கு ஒரு கப்பல் ஜன்னலுக்குள் வந்தது. துருப்பிடித்த நீலம். வடக்கு நோக்கி, எங்கள் பாதைக்குக் குறுக்கே. முதலில் கட்டைவிரல் அளவு. பிறகு கையளவு. ஜன்னல் சட்டத்தில் மட்டும் இடம் மாறவே இல்லை. எங்கள் கரையில் பிறந்த எவனுக்கும் இதற்கு அர்த்தம் தெரியும். இடம் மாறாமல் பெரிதாகிக்கொண்டே வரும் கப்பல் நம்மேல்தான் வரும்.

"அக்கா, கப்பல்."

"ம்."

"நம்ம மேல வருது."

"நடக்குறாரு, கேக்கலையா? பாத்துட்டாரு."

மேலே மரம் கிரீச்சிட்டது. எனக்கும் கேட்டது. பின்புறத்திலிருந்து பாய்மரம்வரை. நின்றது.

"அம்மா" என்றாள் நெரேய்தா. எழுந்து நின்றிருந்தாள். "அது அப்பாகிட்ட இல்ல."

"என்னடி?"

"முறை. அப்பாகிட்ட இல்ல. என்கிட்ட இருக்கு."

அக்காவின் முழங்கையில் தோர்த்தியா தொங்கியது.

"அப்பா குடுத்துட்டாரு. நீ உள்ள தூங்கிட்டு இருந்தே. நான் வகுத்தல் கணக்கு போட்டுட்டு இருந்தேன். நெரே, பின்னால தூண்டில் கயிறு சிக்கிக்கிச்சு, இறங்கி எடுக்கணும், படகு உன் கையில, ரெண்டு நிமிஷம்னாரு. நான் என் கையிலன்னேன்." மூச்சு வாங்கியது. "சொன்னேன்மா. சொல்லிட்டு எழுந்திரிக்கல. அந்தக் கணக்கை முடிச்சிட்டுப் போலாம்னு இருந்தேன். அடுத்த கணக்கும் போட்டேன். மறந்துட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். வாசல் பலகையை உதைத்துத் தள்ளிவிட்டு மேலே பாய்ந்தாள். நான் பின்னாலேயே ஏறினேன். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கப்பலின் முகப்பு எங்கள் பாய்மரத்தைவிட உயரமாகத் தெரிந்தது, எஞ்சின் சத்தம் நெஞ்சில் இடித்தது. அதன் சுக்கான் அறையில் ஆளில்லை. நெரேய்தா கருவியின் கயிற்றைப் பிடுங்கி எறிந்தாள். சுக்கான் கையை இரண்டு கையாலும் வலப்பக்கம் தள்ளினாள். தெர்க்கா முகத்தை வாடைக்கு நேரே திருப்பியது. பாய்கள் துப்பாக்கி மாதிரி வெடித்துப் படபடத்தன. நான் கயிறுகளை அவிழ்த்துவிட்டேன். படகு நின்றுவிட்டது. கப்பலின் விரித்த இரும்புக் கை எங்கள் பக்கவாட்டுக் கம்பிகளுக்கு ஆறேழு முழம் தள்ளி, மெதுவாக, மிக மெதுவாகக் கடந்து போனது.

பின்தளத்தில் இறால் குவியலைச் சுற்றி நாலு பேர் குந்தியிருந்தார்கள். ஒருவன் தலை தூக்கினான். வாய் பிளந்தது.

"ஏய்! கண்ணைக் கடன் குடுத்துட்டீங்களாடா?" என்று கத்தினான்.

"நீ முன்னால போய் உக்காருடா, இறாலுக்குப் பொறந்தவனே!" என்று கத்தினேன். பட்டம் வாங்கிய வாய்தான். அவன் கையை ஆட்டி இன்னும் ஏதோ சொன்னான், கேட்கவில்லை.

பாய்களை மறுபடி இழுத்துக் கட்டிப் படகு ஓட ஆரம்பித்தபின்தான் திரும்பிப் பார்த்தேன். வாசலில் அக்கா நின்றிருந்தாள், இடுப்புவரை வெளியே. பத்தொன்பது மாதத்தில் முதல்முறையாகப் பிற்பகல் வெயில் அவள் முகத்தில் விழுந்தது. அவள் கப்பலைப் பார்க்கவில்லை.

"எத்தனை மணி?" என்றாள்.

நெரேய்தாவுக்கு எந்த நேரத்தைக் கேட்கிறாள் என்று தெரிந்தது. "ரெண்டு பத்து. மூணு மணிக்குப் பாடம் முடியும், அதனால கடிகாரத்தைப் பாத்தேன்."

"ஏன்டி அன்னைக்கே சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். நீ ரேடியோல மூணு மணிக்கு நடந்தாருன்னு சொல்லிட்டு இருந்தே. அப்போ அப்பா ஏறி வந்துட்டாரு போலன்னு நெனச்சேன். அப்புறமாத்தான் விழுந்தாருன்னு. அப்படின்னா என் தப்பு இல்லல்ல?" அழவில்லை. அழுகையெல்லாம் முன்பே எங்கோ தனியாக முடித்துவிட்டவள் மாதிரிப் பேசினாள். "ஆனா திருப்பி வாங்கலம்மா. வந்திருந்தா வாங்கியிருப்பாரு. அப்பா வாங்காம இருக்க மாட்டாரு."

அக்கா வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ மூணு மணிக்கு நடந்தது யாரு?"

கீழே மிக்கா பொம்மையிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, நீ படிச்சவன்" என்றாள் அக்கா. "நீதானே அன்னைக்குக் கணக்குப் போட்டே. ரெண்டு பத்துன்னு தெரிஞ்சிருந்தா?"

அவள் கேட்டு முடிப்பதற்குள் மனதில் கணக்கு முடிந்துவிட்டது. நாங்கள் தேடத் தொடங்கிய இடத்துக்கு வடக்கே நாலு மைல். அங்கே ஒரு படகுகூடப் போகவில்லை. அன்று அலை குறைவு. தண்ணீர் ஏப்ரல் தண்ணீர், நீச்சல் தெரிந்த ஆளை உடனே முடிக்கும் குளிர் இல்லை. சித்தப்பாவின் படகு ஐந்தரைக்கே அந்த இடத்தில் இருந்திருக்க முடியும்.

நெரேய்தாவின் விரல்கள் சுக்கான் மேல் வெளுத்திருந்தன.

"கெடைச்சிருக்க மாட்டாருக்கா" என்றேன். "அன்னைக்கு நீரோட்டம் அப்படி. எந்த மணி சொல்லியிருந்தாலும் அதேதான்."

அக்கா என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். இறால் உரிக்கும் கூடத்தில் வளர்ந்தவள், அழுகியது எது என்று வாசனையிலேயே சொல்லக்கூடியவள். "படிச்சவன் சொன்னா சரி" என்றாள்.

பிறகு வெளியே வந்து, பெண்ணின் பக்கத்தில், ரொசெந்தோவின் இடத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குக் குடு."

"நாலு மணி ஆகலம்மா."

"குடுடி."

நெரேய்தாவின் உதடு இரண்டு தடவை திறந்து மூடியது. மூன்றாம் தடவை, வெறும் காற்றாக வந்தது. அக்கா பதில் சொன்னாள், சுக்கானை வாங்கினாள். அவளைப் பிடித்துக் கட்டிக்கொள்ளவில்லை. தலையைத் தடவவில்லை. "கீழ போய் அடுப்பை அணை, தோர்த்தியா கருகுது" என்றாள்.

குவாய்மாஸுக்கு மாலை ஐந்துக்கு நுழைந்தோம்.

படகைத் தூக்கி முட்டுக்கொடுத்து நிறுத்தி ஒரு வாரம் ஆகியிருந்தது. நான் ஊர் திரும்பும் முன் உதவிக்குப் போனேன். பிற்பகல் மூன்று மணி. அக்கா படகின் அடியில் மல்லாந்து கிடந்து, ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் பழைய பெயின்ட் தூள். நானும் ஒரு சுரண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் படுத்தேன். மேலே யாரோ நடந்தார்கள்.

"நெரே" என்றாள், நான் கேட்காமலே. "குதிகாலைத் தேச்சுத் தேச்சு நடப்பா. செருப்பு மூணு மாசம் தாங்காது."

கொஞ்ச நேரம் சுரண்டினோம்.

"தம்பி, அவ எழுந்து போகலை. பன்னெண்டு வயசு, கணக்கு போட்டுட்டு இருந்தா. அது போகட்டும்னு விட்டுட்டேன். சத்தியமா விட்டுட்டேன்." சுரண்டி நின்றது. "ஆனா அன்னையிலருந்து மேல அந்தச் சத்தம் இல்ல. ராத்திரி இல்ல, பகல்ல இல்ல. நானும் காதைத் தீட்டிக்கிட்டுக் கிடக்கேன், கயிறுகூடக் கிரீச்சிட மாட்டேங்குது. என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். அதை எடுத்துட்டா. அதுக்கு அவ மேல எனக்கு வர்ற கோவம் இருக்கே... பெத்தவளுக்கு வரலாமா அப்படி ஒரு கோவம்?"

நான் சிப்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மா!" என்று மேலிருந்து குரல் வந்தது. "அம்மா, கொஞ்சம் மேல வா!"

அக்கா அசையவில்லை. கண்ணைத் திறந்து படகின் அடிப்பாகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"அம்மா!"

"வரேன்டி" என்றாள். சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஏணியில் ஏறினாள்.